லிட்டில் நைட்மேர்ஸ் விளையாடும் முறை: வெளிச்சத்தைப் பார்த்து, ஓசையைக் கேட்டு

ஒரு பழைய பெட்டிக்குள் சுருண்டு படுத்திருக்கும் சிறுமி திடுக்கிட்டு விழிக்கிறாள். மஞ்சள் மழைக்கோட்டு, வெறுங்கால், கையில் ஒரு லைட்டர். அவளிடம் இருப்பது அவ்வளவுதான். அவள் யார், எங்கே இருக்கிறாள், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ‘லிட்டில் நைட்மேர்ஸ்’ வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ஸ்வீடனின் மால்மோ நகரில் இயங்கும் டார்சியர் ஸ்டுடியோஸ் உருவாக்கி, பண்டாய் நாம்கோ நிறுவனம் 2017 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட இந்த வீடியோ விளையாட்டில் உரையாடல் கிடையாது, வரைபடம் கிடையாது, எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் கிடையாது. அதனாலேயே, புதிதாக விளையாடுபவர்களில் பலர் முதல் அத்தியாயத்திலேயே பலமுறை இறந்து, இது தமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்து விலகிவிடுகிறார்கள். அவர்கள் விலக வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டுக்குத் தேவை வேகமான விரல்கள் அல்ல, பொறுமையான கண்ணும் காதும்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் அது வெளிச்சத்தாலும் ஓசையாலுமே சொல்கிறது. ஒரு அறைக்குள் நுழைந்ததும் ஓடாமல் சில நொடிகள் நின்று, எங்கே விளக்கு எரிகிறது, எங்கே நிழல் அடர்ந்திருக்கிறது, எந்தத் திசையிலிருந்து மூச்சுச் சத்தம் வருகிறது என்று கவனிப்பவர், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவை எல்லாம் அதன் பின்னால் வந்து சேரும்.

கதை நடக்கும் இடத்தின் பெயர் ‘தி மா’. கடலில் மிதக்கும் இரும்புக் கோட்டை போன்ற அந்த இடத்தில் கதவுகள், நாற்காலிகள், கட்டில்கள் எல்லாம் பெரியவர்களின் அளவுக்குச் செய்யப்பட்டவை. சிக்ஸ் என்ற அந்தச் சிறுமியோ ஒரு நாற்காலியின் கால் உயரம்கூட இல்லாதவள். இராட்சசனின் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட குழந்தையின் கதையை நாம் எல்லோரும் ஏதாவதொரு வடிவில் கேட்டிருக்கிறோம். அந்தக் கதைகளில் குழந்தை இராட்சசனைச் சண்டையிட்டு வெல்வதில்லை. ஒளிந்து, ஏமாற்றி, அவன் அசந்த நேரம் பார்த்துத் தப்பிக்கிறது. இங்கேயும் அதே நியாயம்தான். சிக்ஸுக்கு வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எதிரியைக் கண்டதும் எப்படி அடிப்பது என்று யோசிப்பவர் திணறுவார். எங்கே ஒளிவது என்று யோசிப்பவர் முன்னேறுவார்.

தொடங்குவதற்கு முன் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. ஹெட்போன் கட்டாயம் என்றே சொல்வேன். ஒலிபெருக்கியில் கேட்கும்போது வெறும் இரைச்சலாகத் தெரிவது, ஹெட்போனில் கேட்கும்போது இடப்பக்கமிருந்து நெருங்கும் காலடியாக மாறிவிடும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், ஆனால் திரையின் வெளிச்சத்தை அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள். இருண்ட மூலைகள் கழுவியதுபோல் சாம்பல் நிறமாகிவிட்டால், எது பாதுகாப்பான நிழல், எது ஆபத்தான வெளிச்சம் என்ற வேறுபாடே மறைந்துவிடும். கணினியில் விளையாடுபவர்களும் கண்ட்ரோலர் (கையில் பிடித்து இயக்கும் கருவி) வைத்துக்கொள்வது சிறந்தது, ஏனென்றால் மெல்ல நகர்வதற்கும் சற்றே சாய்வாக நடப்பதற்கும் அதிலுள்ள ஸ்டிக் தரும் நுணுக்கத்தை விசைப்பலகை தராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த இடம் கடலில் மிதப்பதால் காட்சி முழுவதும் கப்பல்போல மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். அசையும் படங்களைப் பார்த்தால் தலைசுற்றும் இயல்புள்ளவர்கள் திரையிலிருந்து சற்றுத் தள்ளி அமர்ந்து, நடுவில் இடைவெளி விட்டு விளையாட வேண்டும். ஐரோப்பிய மதிப்பீட்டு அமைப்பான பெகி இதற்கு 16 வயது என்று வரம்பிட்டிருக்கிறது; பொம்மைபோல் தெரியும் உருவங்களைப் பார்த்து ஏமாந்து சிறு குழந்தைகளிடம் கொடுத்துவிட வேண்டாம்.

கட்டுப்பாடுகள் மிகக் குறைவு: நடப்பது, ஓடுவது, குதிப்பது, குனிந்து பதுங்குவது, பிடிப்பது, லைட்டரைக் கொளுத்துவது. இவற்றில் புதியவர்களை அதிகம் வீழ்த்துவது பிடிக்கும் பட்டன்தான். அதை ஒருமுறை தட்டினால் போதாது. பற்றிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் முழுவதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விளிம்பை நோக்கித் தாவும்போது, தாவிய கணத்திலேயே பிடிக்கும் பட்டனையும் அழுத்தி, சிக்ஸ் ஏறி நிற்கும் வரை விரலை எடுக்காமல் இருங்கள். பயத்தில் விரல் தானாகத் தளர்ந்துவிடும். தளர்ந்தால் அவள் விழுந்துவிடுவாள். எதிரி யாருமில்லாத முதல் சில அறைகளிலேயே பெட்டிகளின் மீதும் அலமாரிகளின் மீதும் பத்துப் பதினைந்து முறை ஏறி இறங்கி இதைப் பழகிக்கொள்வது வீண்வேலை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது குனியும் பட்டனை அழுத்தினால் அவள் தரையில் சறுக்கிச் செல்வாள் என்பதையும் அப்போதே பழகிவிடுங்கள். அது தேவைப்படும் இடத்தில், நிதானமாகப் பட்டனைத் தேட நேரம் இருக்காது.

அடுத்த சிக்கல் ஆழம். பக்கவாட்டில் நகரும் விளையாட்டுபோல் தோன்றினாலும், சிக்ஸ் திரையின் உள்நோக்கியும் வெளிநோக்கியும் நடக்க முடியும். ஆகவே ஒரு குறுகிய பலகையின் மீது நேராகத்தான் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால் விளிம்பைத் தாண்டிவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி இந்த விளையாட்டுக்காகவே சொல்லப்பட்டதுபோல் எனக்குத் தோன்றும். குறுகிய இடங்களில் ஓடாதீர்கள். சிக்ஸின் காலடியில் விழும் நிழல் பலகையின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நிழல் தெளிவாகத் தெரியாவிட்டால் லைட்டரைக் கொளுத்துங்கள், அதன் சிறிய ஒளிவட்டமே அவள் நிற்கும் இடத்தைக் காட்டிவிடும். தாவுவதற்கு முன் ஒரு கணம் நின்று, கால்வைக்கப் போகும் இடத்திற்கு நேர் எதிரே நிற்கிறோமா என்று உறுதிசெய்துகொண்டால், விழுந்து சாவதில் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

புதிர்களைப் பொறுத்தவரை, அவை எல்லாம் ஒரு குழந்தை பெரியவர்களின் வீட்டில் எதிர்கொள்ளும் சிக்கல்கள்தான். கதவின் கைப்பிடி எட்டவில்லை என்றால் நாற்காலியை இழுத்து வந்து போட வேண்டும். மேலே இருக்கும் துவாரத்தை அடைய முடியவில்லை என்றால் இழுப்பறைகளைப் படிகளாகத் திறந்துவைக்க வேண்டும், அல்லது குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து அதன் தட்டுகளில் ஏற வேண்டும். சுவரிலுள்ள பட்டன் எட்டவில்லை என்றால் கையில் கிடைப்பதை அதன்மீது எறிய வேண்டும். வழி தெரியாமல் நிற்கும்போது ‘எதை அசைக்க முடியும்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அநேகமாக அந்தப் பொருளின் மீது விளக்கொளி விழுந்திருக்கும், அல்லது அது மட்டும் அறையின் மற்றப் பொருள்களிலிருந்து சற்றே விலகி நிற்கும்.

முதல் அத்தியாயமான சிறையை விரைவாகச் சொல்லிவிடலாம். இருட்டில் மேலிருந்து விழும் அட்டைப்பூச்சிகள் மெதுவானவை. நின்று பார்க்காமல் ஓடிவிட்டால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. மின்சாரம் பாயும் கம்பிக் கதவுகளில், நெம்புகோலை இழுத்தபின் மின்சாரம் நின்றிருக்கும் நேரம் சொற்பம்தான். ஆகவே இழுப்பதற்கு முன்பே ஓட வேண்டிய வழியைக் கண்ணால் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். கூரையிலிருந்து ஒளி பாய்ச்சித் தேடும் பெரிய கண் ஒன்று வரும். அதன் ஒளியில் அகப்பட்டால் சிக்ஸ் கல்லாகிவிடுவாள். ஒளிக்கற்றை நகரும் போக்கை ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டு, அது கடந்தவுடன் அடுத்த நிழலுக்கு ஓடி நில்லுங்கள். இரண்டு நிழல்களை ஒரே ஓட்டத்தில் கடந்துவிடலாம் என்ற ஆசைதான் அங்கே ஆளைக் கல்லாக்குகிறது.

இரண்டாவது அத்தியாயத்தில் வரும் ஜானிட்டர் (பராமரிப்பாளர்) என்ற எதிரியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விளையாட்டின் இலக்கணத்தை நமக்குக் கற்றுத்தருவது அவன்தான். குட்டையான கால்கள், தரையைத் தொட்டு நீளும் கைகள், கண்களை மூடித் தொங்கும் தோல். அவனுக்குப் பார்வை கிடையாது. அவன் கேட்கிறான், மோப்பம் பிடிக்கிறான், விரல்களால் துழாவுகிறான். சிறையில் நிழல் நம்மைக் காப்பாற்றியது. இங்கே நிழலால் எந்தப் பயனும் இல்லை, அமைதி மட்டுமே காப்பாற்றும். விதி இப்படித் தலைகீழாவதைக் கவனிக்காமல் இருட்டு மூலையில் ஒளிந்துகொண்டு நிம்மதியாக இருப்பவரைத்தான் அவன் முதலில் பிடிப்பான்.

நான் முதன்முதலில் விளையாடியபோது அப்படித்தான் பிடிபட்டேன். மரத்தரையின் மீது, அவனிடமிருந்து மூன்றடி தூரத்தில், இருட்டில் அசையாமல் நின்றேன். அவன் தலையை ஒருபக்கம் சாய்த்து மூச்சை இழுத்தான். பயந்துபோய் ஒரே ஓர் அடி எடுத்து வைத்தேன், பலகை கிரீச்சிட்டது. கை நீண்டு வந்து சிக்ஸைத் தூக்கிக்கொண்டது. மறுமுறை அதே இடத்துக்கு வந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். வெறும் பலகையாக இருக்கும் இடங்களில் கால் வைத்தால் சத்தம் எழுந்தது. கம்பளம் விரித்த இடங்களோ காலடி ஓசையை விழுங்கிவிட்டன. விளையாட்டு எனக்கு வழியைத் தரையிலேயே வரைந்து வைத்திருந்தது, நான்தான் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஜானிட்டர் இருக்கும் அறைகளில் முதலில் தரையைப் பாருங்கள். குனிந்து, கம்பளத்திலிருந்து கம்பளத்துக்குச் செல்லுங்கள். வெறும் பலகையைக் கடக்க வேண்டியிருந்தால், வேறேதாவது ஓசை எழும் நேரத்திற்காகக் காத்திருங்கள், அல்லது நீங்களே அவனை ஏமாற்றும் ஓசையை எழுப்புங்கள். கைத்தாளம் தட்டும் குரங்குப் பொம்மை ஒன்று கிடைக்கும். அதை எறிந்துதான் எட்டாத பட்டனை அழுத்த வேண்டியிருக்கும். அதன் சத்தம் அவனையும் அழைத்து வரும் என்பதால், எறிவதற்கு முன்பே ஒளியுமிடத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். காலணிகள் மலைபோல் குவிந்திருக்கும் இடத்தில் வேறுவிதமான அபாயம் இருக்கிறது: குவியலுக்கு அடியில் ஏதோ ஒன்று உங்களைத் தொடர்ந்து வரும். மேலே மிதப்பதுபோல் கிடக்கும் பெட்டிகளின் மீது ஏறி நின்று, அடுத்த பெட்டிக்கான வழியைத் தீர்மானித்தபின் இறங்கி ஓடுங்கள், நடுவில் நிற்காதீர்கள். அத்தியாயத்தின் முடிவில் அவன் கைகள் கதவின் இடைவெளி வழியாக நுழைந்து துழாவும். அப்போது மட்டும் ஓடி ஒளிய இடமில்லை. கைகள் விலகும் கணத்தில் பாய்ந்து சென்று, கதவைத் தாங்கிக்கொண்டிருக்கும் கூண்டின் கம்பிகளை இழுக்க வேண்டும். கை திரும்பி வந்தால் பின்வாங்கிவிட்டு மறுபடியும் முயல வேண்டும்.

சமையலறையில் விதி மீண்டும் மாறுகிறது. இரட்டைச் சமையற்காரர்களுக்குக் கண் தெரியும், ஆனால் அவர்கள் கனத்த உடம்புக்காரர்கள், வேலையில் மூழ்கியிருப்பவர்கள். மேசைகளுக்கு அடியில் புகுந்து புகுந்து செல்வதே முறை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேசைக்கடியில் நுழைந்தால் பயனில்லை. கை உள்ளே வந்துவிடும். முதுகைக் காட்டும் வரை காத்திருந்து நகர்ந்தால் அதே மேசை அரணாகிவிடும். இறைச்சியை அரைக்கும் இயந்திரம் ஒன்று அங்கே இருக்கிறது. இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து சென்று அதற்குள் போட்டு, கைப்பிடியைச் சுற்றினால் தொத்திறைச்சி சரமாக இறங்கித் தொங்கும். அதையே கயிறாகப் பற்றி ஊஞ்சலாடி அடுத்த பக்கம் தாவ வேண்டும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, அந்த இயந்திரத்தின் முன் பதறி நின்றவர்களுக்கு அது விளங்கும். துண்டை எறியும்போது தவறி விழுந்தால் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கடிகாரம் வைத்து எண்ணவில்லை.

விருந்தாளிகளின் பகுதியில் பதுங்குவது மட்டும் போதாது. தின்றுகொண்டே இருக்கும் அந்தப் பெருத்த உருவங்கள் சிக்ஸைக் கண்டதும் தரையோடு தரையாகப் பாய்ந்து வரும். அங்கே ஓடத்தான் வேண்டும், திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். துரத்தல் காட்சிகளில் உதவும் ஒரு முறை இது: முதல் முயற்சியைப் பிழைப்பதற்காக அல்ல, பாதையைப் பார்ப்பதற்காக ஓடுங்கள். எங்கே குதிக்க வேண்டும், எங்கே சறுக்க வேண்டும், கடைசியில் எதைப் பற்றித் தொங்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், இரண்டாவது அல்லது மூன்றாவது முயற்சியில் கால்கள் தாமாகவே ஓடும்.

இறப்பைப் பற்றி ஒரு சொல். விளையாட்டு தானாகவே சேவ் செய்துகொள்ளும். திரையின் ஓரத்தில் சிறிய கண் வடிவம் தோன்றினால் அந்த இடம் பதிவாகிவிட்டது என்று பொருள். அதைப் பார்த்த பிறகே விளையாட்டை நிறுத்துங்கள். ஒரே இடத்தில் ஐந்தாறு முறை இறந்துவிட்டால் மறுபடியும் அதையே செய்துபார்க்காமல், கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நின்றபடி எதிரியின் நடமாட்டத்தை மட்டும் ஒரு முழுச் சுற்று பார்த்துக்கொண்டிருங்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது.

அவ்வப்போது சிக்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவாள். அது நீங்கள் செய்த தவறு அல்ல, உயிர் குறைவதன் அடையாளமும் அல்ல. அந்தப் பசி கதையின் ஒரு பகுதி. ஓட முயலாமல், அவளை மெல்ல முன்னோக்கி நடத்திச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அவள் எதைத் தின்கிறாள் என்பதை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டு சொல்ல வந்த கதையே அந்த வரிசையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கூம்புத் தொப்பி அணிந்த நோம்கள் என்ற சிறிய உயிர்கள் உங்களைக் கண்டதும் ஓடி ஒளியும். துரத்திப் பிடித்து, பிடிக்கும் பட்டனை அழுத்தினால் சிக்ஸ் அவற்றைக் கட்டிக்கொள்வாள். வழியிலுள்ள விளக்குகளை ஏற்றலாம். பீங்கான் பொம்மைகளைக் கீழே போட்டு உடைக்கலாம். இவை எதுவும் கதையை முடிக்கத் தேவையில்லை. ஆனாலும் முதல் முறை விளையாடும்போதே நோம்களைத் தேடுங்கள் என்று பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் அவை ஓடும் திசை பல இடங்களில் மறைந்திருக்கும் அறைகளைக் காட்டிக்கொடுக்கும். அந்த இருண்ட இடத்தில் அன்புடன் செய்ய முடிகிற ஒரே செயலும் அவற்றைக் கட்டிக்கொள்வதுதான்.

கடைசி அத்தியாயத்தைத் தாமாகவே கண்டறிய விரும்புபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். அந்த இடத்தின் தலைவியான சீமாட்டியின் மாளிகையில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகள் எல்லாம் உடைந்திருப்பதைக் கவனியுங்கள். அவள் முணுமுணுக்கும் பாட்டு நிற்கும்போது நீங்களும் நின்றுவிடுங்கள். உடையாத கண்ணாடி ஒன்று கையில் கிடைத்தபின் இருட்டறையில் அவளைச் சந்திக்க வேண்டியிருக்கும். அறையின் நடுவில் நின்று, ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டு, கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பி, அவள் பாயும் கணத்தில் உயர்த்திப் பிடியுங்கள். முன்கூட்டியே உயர்த்திக்கொண்டு சுற்றிச் சுற்றித் திரும்பினால் தவறிப்போகும். இதுவரை ஹெட்போனை ஒதுக்கி வைத்திருந்தவர்கள்கூட இந்த ஒரு சண்டைக்காகவாவது அதை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

முதல் முறை விளையாடி முடிக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்திற்குள், ஒருமுறைகூட இறக்காமல் முடிப்பவர்களுக்கு ஒரு சாதனைப் பட்டம் உண்டு. எல்லா அறைகளும் மனப்பாடமான பிறகு மட்டும் அதை முயலுங்கள். அதற்கு முன், ‘சீக்ரெட்ஸ் ஆஃப் தி மா’ என்ற மூன்று கூடுதல் அத்தியாயங்களை விளையாடிவிடுவது நல்லது. அதே இடத்தில், அதே நேரத்தில், வேறொரு சிறுவன் தப்பிக்க முயலும் கதை அது. தண்ணீரில் நீந்த வேண்டிய பகுதிகள் அதில் வரும்; தண்ணீருக்கடியில் ஒன்று காத்திருக்கும் என்பதால், மிதக்கும் பலகைகளுக்கு இடையே நேர்வழியில் நீந்துங்கள், சுற்றிப் பார்க்க வேண்டாம்.

2021 பிப்ரவரி 11 அன்று வெளிவந்த இரண்டாம் பாகம் காலவரிசைப்படி முதல் பாகத்திற்கு முந்தைய கதை. ஆனாலும் வெளிவந்த வரிசையிலேயே விளையாடுங்கள். இரண்டாம் பாகத்தின் முடிவு மனத்தை உலுக்க வேண்டுமானால் சிக்ஸை முன்பே அறிந்திருக்க வேண்டும். அதில் நீங்கள் மோனோ என்ற சிறுவன். சிக்ஸ் உங்களுடன் வருவாள். கோடரி, குழாய் போன்றவற்றைத் தூக்கி அடிக்க முடியும், ஆனால் அவன் கைகளுக்கு அவை மிகக் கனமானவை என்பதால் வீச்சு மெதுவாகத்தான் வரும். எதிரி பாயத் தொடங்கும்போதே வீச வேண்டும். மருத்துவமனையில் வரும் நோயாளி உருவங்கள் கைவிளக்கின் ஒளியில் உறைந்து நிற்கும், ஒளி விலகினால் நகரும். பலர் ஒருசேர வரும்போது மிக அருகில் இருப்பவர் மீது ஒளியை வைத்தபடி பின்னோக்கி நடந்து, மற்றவர்கள் மீதும் ஒளியை ஒருமுறை பாய்ச்சித் திருப்புங்கள். மூன்றாம் பாகத்தை சூப்பர்மாசிவ் கேம்ஸ் உருவாக்க, அது 2025 அக்டோபர் 10 அன்று வெளிவந்தது. இணையவழி நண்பர் ஒருவருடன் சேர்ந்து விளையாடலாம்: லோ என்பவனிடம் வில், அலோன் என்பவளிடம் திருகுசாவி. யார் எதை எடுப்பது என்பதைத் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக விளையாடினால் மற்றவரைக் கணினி இயக்கும், ஒரே திரையின் முன் இருவர் அமர்ந்து விளையாடும் வசதி அதில் இல்லை.